முள்வேலிக்குள் ஒரு பாய்

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே, ஐரிஷ் கடலில் மேன் என்றொரு தீவு இருக்கிறது. அதன் மேற்குக் கரையில் பீல் என்ற மீன்பிடி ஊர். அந்த ஊரை ஒட்டிய நாக்கலோ பண்ணை நிலத்தில் 1914 நவம்பரில் வரிசை வரிசையாக மரக்கொட்டகைகள் எழுந்தன. அவற்றைச் சுற்றி முள்கம்பி வேலி. முதல் உலகப் போர் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. பிரிட்டனில் பிழைக்க வந்திருந்த ஜெர்மானியர்களும் ஆஸ்திரியர்களும் திடீரென்று ‘எதிரி நாட்டார்’ ஆகிவிட்டார்கள். ஐயாயிரம் பேரை அடைக்கலாம் என்றுதான் முகாமைத் திட்டமிட்டார்கள். 1915 மே மாதம் ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று லூசிட்டானியா என்ற பயணிகள் கப்பலை மூழ்கடித்தது. மக்களின் கோபம் பொங்க, அரசு ஆட்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்து வந்து அடைத்தது. கடைசியில் நாக்கலோவில் இருந்தவர்கள் சுமார் 23,000 பேர்.

அவர்கள் யாரும் சிப்பாய்கள் அல்ல. ஓட்டலில் பரிமாறியவர்கள், முடிதிருத்துவோர், ரொட்டி சுட்டவர்கள், மாலுமிகள், குமாஸ்தாக்கள். போர் விதிகளின்படி அவர்களைக் கட்டாய வேலை வாங்க முடியாது. யாரும் அடிக்கவில்லை, சாப்பாடும் ஏதோ கிடைத்தது. காலையில் தலை எண்ணுவார்கள். பிறகு ராத்திரி வரை செய்ய ஒன்றுமில்லை. இது எத்தனை நாளைக்கு என்று கேட்டால் சொல்லவும் ஆளில்லை. திருடிவிட்டுச் சிறைக்குப் போனவனுக்காவது சுவரில் கோடு கிழித்து நாளைக் கழிக்க ஒரு கணக்கு உண்டு. இவர்களுக்கு அதுவும் இல்லை.

அடால்ஃப் லூகாஸ் ஃபிஷர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் இப்படிப்பட்ட முகாம்களைப் பார்வையிட்டு 1918-இல் ஒரு சிறு நூல் எழுதினார். அங்கே அவர் கண்ட நோய்க்கு அவர் வைத்த பெயர் ‘முள்வேலி நோய்’. எதற்கெடுத்தாலும் எரிச்சல், பக்கத்துப் படுக்கைக்காரன் மூக்கை உறிஞ்சினால்கூடக் கைகலப்பு. ஒரு பக்கம் படிப்பதற்குள் மனம் எங்கோ போய்விடும். பழகிய பெயர்கள் மறந்துபோகும். தூக்கம் வராது. ஆறு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தவர்களில் இதிலிருந்து முழுக்கத் தப்பியவர்கள் மிகச் சிலரே என்று அவர் கணித்தார். மூன்று காரணங்களைச் சேர்த்துச் சொன்னார்: அடைபட்டிருப்பது, எவ்வளவு காலம் என்று தெரியாமல் இருப்பது, ஒரு நிமிடம்கூடத் தனிமை கிடைக்காமல் கூட்டத்தோடே கிடப்பது. பட்டியலில் பசியும் இல்லை, அடியும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நாக்கலோவில் இதற்கு ஒரு வைத்தியம் நடந்தது. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவ அமைதிக் குழுவினர் ஜேம்ஸ் பெய்லி என்ற கைத்தொழில் ஆசிரியரை அனுப்பிவைத்தார்கள். அவர் பட்டறைகள் அமைத்தார். கூடை பின்னினார்கள், மரம் இழைத்தார்கள், சமையலறையில் மிஞ்சிய மாட்டெலும்பைச் செதுக்கிப் பூச்சாடி செய்தார்கள். அந்த எலும்புப் பூச்சாடிகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கைக்கு வேலை கொடுத்தால் மனம் ஒரு நிலைக்கு வரும் என்பது பெய்லியின் கணக்கு.

அதே முகாமில் இன்னொருவர் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கைக்கு எலும்பு கிடைக்காவிட்டால் போகிறது, உடம்பு என்று ஒன்று இருக்கிறதே, அதைச் செதுக்கலாம் என்று. அவர் பெயர் ஜோசஃப் பிலாட்டீஸ்.

பிலாட்டீஸ் என்பது ஓர் ஆளின் பெயர் என்பதே பலருக்குத் தெரியாது. நம் ஊரில் ‘பைலேட்ஸ்’ என்று சொல்கிறவர்கள் அதை ஏரோபிக்ஸ் மாதிரி ஒரு வகையின் பெயர் என்று நினைக்கிறார்கள். அமெரிக்க நீதிமன்றமும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னது: யோகா, கராத்தே போல அது பொதுப் பெயராகிவிட்டது, யாரும் வணிகச் சின்னமாக உரிமை கொண்டாட முடியாது என்று 2000-இல் தீர்ப்பு வந்தது. அதனால்தான் இன்று எந்த ஊரில் யார் வேண்டுமானாலும் அந்தப் பலகையை மாட்டிக்கொள்ளலாம். ஆனால் ஆள் நிஜம். 1883-இல் ஜெர்மனியில் மான்ஷன்கிளாட்பாக் என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயதில் ஆஸ்துமா, எலும்பு வளையும் ரிக்கெட்ஸ், முடக்குக் காய்ச்சல் என்று நோஞ்சான் பிள்ளை. வீம்புக்கு உடற்பயிற்சி செய்து உடம்பைத் தேற்றினார். 1912 வாக்கில் இங்கிலாந்துக்கு வந்து குத்துச்சண்டை, சர்க்கஸ் என்று பிழைத்தார். போர் வந்ததும் முதலில் லங்காஸ்டரிலும் பிறகு மேன் தீவிலும் அடைபட்டார்.

முகாமில் என்ன நடந்தது என்பதற்கு அவரே பிற்காலத்தில் சொன்ன கதைகள்தான் பெரும்பாலும் சாட்சி. கதை சொல்வதில் அவர் கஞ்சர் அல்ல. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஸ்பிரிங்குகளைக் கட்டி, எழுந்திருக்க முடியாத நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுத்தார் என்பார்கள். 1918-இன் இன்ஃப்ளுயன்சாவில் அவரிடம் பயிற்சி பெற்ற ஒருவர்கூடச் சாகவில்லை என்றும் சொல்வார்கள். இதற்கு முகாம் பதிவுகளில் ஆதாரம் கிடையாது, விட்டுவிடலாம். எனக்குப் பிடித்தது பூனைக் கதை. 1962-இல் ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழ் அவரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. கைதிகள் சுவரை வெறித்துக்கொண்டு நாளுக்கு நாள் வாடுகிறார்கள். அதே முகாமில் தின்னக் கிடைக்காமல் எலும்பும் தோலுமாகத் திரியும் பூனைகளோ துள்ளிக்கொண்டிருக்கின்றன. ஏன் என்று பிலாட்டீஸ் உற்றுப் பார்த்தாராம். பூனை சும்மா இருக்கும் நேரமெல்லாம் காலை நீட்டி, முதுகை வளைத்து, உடம்பை முறுக்கிக்கொண்டே இருக்கிறது. (அந்தத் தீவு வாலில்லாப் பூனைகளுக்குப் பேர்போனது. அவர் பார்த்த பூனைகளுக்கு வால் இருந்ததா என்பதைக் கட்டுரை சொல்லவில்லை.)

கதை எவ்வளவு உண்மையோ, அவர் தன் முறைக்கு வைத்த பெயர் உண்மை. உயிரோடு இருந்தவரை அவர் அதைப் ‘பிலாட்டீஸ்’ என்று அழைக்கவில்லை, ‘கான்ட்ராலஜி’ என்றார். கட்டுப்பாட்டுக்கலை என்று சொல்லலாம். எழுந்திருக்கும் நேரம், சாப்பிடும் நேரம், பக்கத்தில் படுப்பவன், வீட்டுக்குப் போகும் நாள் எல்லாமே பிறர் கையில் இருந்த இடத்திலிருந்து வந்த ஒருவர், மிச்சமிருந்த ஒன்றுக்கு வைத்த பெயர் அது. இந்த அத்தியாயத்தில் மற்ற எதை மறந்தாலும் இந்தப் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போருக்குப் பின் ஜெர்மனிக்குத் திரும்பினார். 1926-இல் நியூயார்க் போய் எட்டாம் அவென்யூவில் 939-ஆம் எண் கட்டடத்தில் ஒரு கூடம் திறந்தார். ஜார்ஜ் பாலன்ஷீன், மார்த்தா கிரஹாம் போன்ற நடன மேதைகள் காலும் முதுகும் அடிபட்ட தங்கள் கலைஞர்களை அவரிடம் அனுப்பினார்கள். 1945-இல் 34 பாய்ப் பயிற்சிகள் கொண்ட நூல் ஒன்றை வெளியிட்டார். 1967-இல் இறந்தார்.

அந்த 34-இல் முதலாவது ‘நூறு’. படித்துக்கொண்டிருக்கும்போதே அதைச் செய்து பார்க்கலாம். கழுத்து வலி, முதுகு வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் பத்தியைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றவர்கள் பாயை விரித்து மல்லாந்து படுங்கள். முழங்கால் மடங்கி, பாதம் தரையில் இருக்கட்டும். கைகள் உடம்பை ஒட்டி நீண்டிருக்கட்டும். மூச்சை விட்டுக்கொண்டே தலையையும் தோளையும் தூக்கித் தொப்புளைப் பாருங்கள். கைகளைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, தண்ணீரைத் தட்டுவது போல மேலும் கீழும் அசையுங்கள். முழங்கை மடங்கக் கூடாது. ஐந்து தட்டுக்கு மூச்சை இழுங்கள், ஐந்து தட்டுக்கு விடுங்கள். இழுக்கும்போது வயிறு பலூன் மாதிரி உப்பக் கூடாது. விலா எலும்புகள் பக்கவாட்டில் விரிய வேண்டும், ஆர்மோனியத் துருத்தி விரிவது போல. இப்படிப் பத்து மூச்சு. மொத்தம் நூறு தட்டு.

மூன்றாவது மூச்சில் கழுத்து முனகும். நான்காவதில் முழங்கை மடங்கியிருப்பதைக் கண்டுபிடிப்பீர்கள். அதைச் சரிசெய்யப் போனால் எண்ணிக்கை தவறும். ஆறாவதில் அடிவயிறு நடுங்க ஆரம்பிக்கும். பத்து முடிந்து தலையைக் கீழே வைக்கும்போது ஒரு கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த ஒரு நிமிடத்தில் அலுவலகத்தில் மேலாளர் சொன்ன சொல் நினைவுக்கு வந்ததா?

பெரும்பாலும் வந்திருக்காது. அதற்கு இடமே இருந்திருக்காது.

மனச்சோர்வை ஆராய்ந்த உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்ஸ்மா 1991-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். துக்கம் எல்லோருக்கும் வருகிறது. சிலருக்கு அது சில நாளில் வடிந்துவிடுகிறது, சிலருக்கு மாதக்கணக்கில் நோயாகத் தங்கிவிடுகிறது. வித்தியாசம் எங்கே என்றால், தங்கிவிடுகிறவர்கள் அதே நினைப்பைத் திரும்பத் திரும்ப மெல்லுகிறார்கள். ஏன் எனக்கு இப்படி, நான் ஏன் இப்படி, அன்றைக்கு அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாமோ. அறிவியலில் இதற்கு வழங்கும் சொல் மாடு அசைபோடுவதைக் குறிக்கும் சொல்லேதான். தமிழில் பழைய நினைவுகளை அசைபோடுவதை இனிமையான காரியமாகச் சொல்கிறோம். மனச்சோர்வில் இருப்பவரின் அசைபோடலில் இனிமை இல்லை, சாறும் இல்லை. மென்றதையே மெல்லுவதுதான்.

‘அதை நினைக்காதே’ என்று சொல்லி இதை நிறுத்திவிட முடியாது. நினைக்காதே என்றால் அதுதான் முதலில் வந்து நிற்கும். கையில் வேறு வேலையைக் கொடுத்தால் நிற்கலாம். ஆனால் அது எந்த மாதிரி வேலை என்பது முக்கியம். பாத்திரம் தேய்த்துக்கொண்டே, நடைப்பயிற்சி போய்க்கொண்டே எத்தனை நேரம் வேண்டுமானாலும் பழைய சண்டையை ஓட்டிப் பார்க்கலாம். பழகிய வேலைக்கு மனம் தேவைப்படாது. நூறு அப்படி விடாது. எண்ணிக்கை, மூச்சின் திசை, முழங்கை, விலா, கழுத்து என்று ஐந்தாறு விஷயத்தை ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நாம் ஒரு நேரத்தில் மனதில் ஏந்தக்கூடிய பொருள்களுக்கு அளவு உண்டு. அந்தத் தட்டு நிரம்பிவிட்டால் மேலாளருக்கு இடம் கிடைக்காது. கவனம் நழுவினால் உடம்பே காட்டிக்கொடுத்துவிடும் என்பது கூடுதல் வசதி. கண்ணை மூடித் தியானம் செய்கிறவர் அரை மணி நேரம் கடன்காரனை நினைத்துவிட்டு எழுந்தாலும் வெளியே யாருக்கும் தெரியாது.

இது கவனத்தின் கதை. உடம்பின் கதை வேறு. அதற்கு ஒரு வைரஸைப் பின்தொடர வேண்டும்.

பயம் வந்தால் நமக்கு எங்கே வருகிறது? வயிற்றைக் கலக்குகிறது, அடிவயிறு ஜில்லிடுகிறது, வயிற்றில் புளியைக் கரைக்கிறது. இத்தனையையும் செய்யும் முக்கியமான கைகளில் ஒன்று அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதி. இரண்டு சிறுநீரகங்களின் மேலும் குல்லா போல உட்கார்ந்திருக்கும் இந்தச் சுரப்பி, ஆபத்து என்று மூளை சொன்ன நொடியில் அட்ரீனலினை ரத்தத்தில் கொட்டுகிறது. மூளையில் யார் அந்தக் கட்டளையைக் கொடுப்பது? பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் டம், டேவிட் லெவின்தால், பீட்டர் ஸ்ட்ரிக் மூவரும் 2016-இல் இதற்கு விடை தேடினார்கள். அவர்களுக்கு ஒற்றன் ரேபிஸ் வைரஸ். நாய்க்கடியில் உயிரை வாங்கும் அதே வைரஸ்தான். அதற்கு ஒரு விசித்திரமான ஒழுக்கம் உண்டு: ஒரு நரம்பு செல்லுக்குள் போனால், அந்த செல்லுக்குச் செய்தி அனுப்பும் செல்லுக்குத்தான் அடுத்துத் தாவும். செய்தி வந்த பாதையில் பின்னோக்கி, ஒவ்வொரு படியாக. குரங்குகளின் அட்ரீனல் சுரப்பியில் வைரஸைச் செலுத்தி, அது தண்டுவடம் வழியாக மூளையின் மேற்பரப்பு வரை ஏறக் காத்திருந்து, எங்கெங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்தார்கள்.

உணர்ச்சியைக் கையாளும் பகுதிகளில் வைரஸ் இருந்தது, எதிர்பார்த்ததுதான். திட்டமிடுதலுக்கும் முரண்களைக் கவனிப்பதற்கும் உள்ள பகுதிகளிலும் இருந்தது. ஆனால் இவற்றையெல்லாம்விட அதிகமாக இருந்தது, தசைகளை அசைக்கும் இயக்கப் பகுதிகளில். அதிலும் முதன்மை இயக்கப் பகுதியில் வைரஸ் சேர்ந்திருந்த இடம் கைவிரலுக்கோ முகத்துக்கோ உரியதல்ல. நடு உடம்புக்கு உரியது. முதுகையும் வயிற்றையும் நிமிர்த்திப் பிடிக்கும் தசைகளை ஆளும் இடத்திலிருந்து அட்ரீனலினைக் கொட்டும் சுரப்பிக்கு ஒரு நரம்புச் சாலை போகிறது. புளியைக் கரைக்கும் கையும் வயிற்றை இறுக்கும் கையும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

2023-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர ஆய்வாளர்கள் மனித மூளையிலேயே இதற்கு ஒத்த ஒன்றைக் கண்டார்கள். இயக்கப் பகுதியில் கால், கை, வாய் என்று வரிசையாக இடங்கள் உண்டு என்று 1937-இல் மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் வரைந்த வரைபடம் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அந்த இடங்களுக்கு நடுநடுவே ஒவ்வொரு பக்கமும் மூன்று இடைவெளிகள் இருக்கின்றன. அவை எந்த ஒரு குறிப்பிட்ட உறுப்புக்கும் சொந்தமில்லை, மாறாக முழு உடம்பையும் ஒருங்கே இயக்குவதற்கும், விழிப்பு நிலையையும் உள்ளுறுப்புகளையும் தயார்ப்படுத்துவதற்கும் உரிய வலைப்பின்னலோடு இணைந்தவை என்று அவர்கள் சொன்னார்கள்.

பிலாட்டீஸ் ஆசிரியர்கள் பலர் ஸ்ட்ரிக்கின் ஆய்வைக் கையில் எடுத்துக்கொண்டு ‘பார்த்தீர்களா, அறிவியலே நிரூபித்துவிட்டது’ என்கிறார்கள். இல்லை. சாலை இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. அதில் எந்த வண்டி எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் போகிறது என்பது வேறு கேள்வி. அந்தக் குரங்குகள் எதுவும் பாயில் படுத்து நூறு செய்யவில்லை. நிமிர்ந்து நிற்பதற்கும் மனநிலைக்கும் முடிச்சுப் போட்டு ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்டாயிற்று. இரண்டு நிமிடம் ராஜா மாதிரி நின்றால் ஹார்மோன்களே மாறிவிடும் என்று 2010-இல் ஓர் ஆய்வு வந்து உலகமெல்லாம் புகழ் பெற்றது. பிறகு 200 பேரை வைத்துச் செய்து பார்த்ததில் ஹார்மோன் அசையவில்லை. 2016-இல் அந்த ஆய்வை எழுதியவர்களில் முதலாமவரான டானா கார்னியே எனக்கு இனி அதில் நம்பிக்கை இல்லை என்று அறிவித்துவிட்டார்.

மூச்சின் விஷயத்தில் தரை கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது. மூச்சை வெளியே விடும்போது வேகஸ் நரம்பின் பிடி கூடி இதயத் துடிப்பு மெல்ல இறங்குகிறது, இழுக்கும்போது ஏறுகிறது. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக மூச்சுவிட்டால் நீங்களே உணரலாம். மூச்சின் தாளத்தைத் தருவது மூளைத்தண்டில் உள்ள ஒரு சின்னக் கொத்து நரம்பு செல்கள். பக்கத்திலிருந்த பகுதிக்கு ஒரு ஜெர்மன் மாநாட்டு மேசையில் இருந்த ஒயின் புட்டியைப் பார்த்து ‘போட்சிங்கர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அதனால் இதற்கு ‘ப்ரீ-போட்சிங்கர்’ என்று பெயர் வந்தது. 2017-இல் எலிகளின் அந்தக் கொத்திலிருந்து சுமார் 175 செல்களை மட்டும் நீக்கிப் பார்த்தார்கள். எலிகள் மூச்சுவிடுவது நிற்கவில்லை. ஆனால் புதுக் கூண்டில் விட்டால் பரபரவென்று மோந்து திரிய வேண்டியவை சாவகாசமாக உட்கார்ந்து உடம்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தன. மூச்சின் வேகத்தை மூளையின் விழிப்பு மையத்துக்குச் சொல்லும் தூதுவர்கள் அந்த 175 செல்கள். வேகமாக மூச்சு வாங்கினால் ‘ஏதோ நடக்கிறது, உஷார்’ என்று செய்தி போகும். தூதுவர் இல்லாத எலிக்கு உஷார் வரவில்லை.

அதற்காகப் பிலாட்டீஸின் பலனையெல்லாம் மூச்சின் கணக்கில் எழுதவும் முடியாது. மனதை அமைதிப்படுத்தும் மூச்சுப் பயிற்சி ஆய்வுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற மெதுவான கதியில் நடந்தவை. நூறை வழக்கமான வேகத்தில் செய்தால் நிமிடத்துக்குப் பத்துக்கு மேலேயே வரும். அது பிராணாயாமம் ஆகாது. மூச்சை அசைவோடு பூட்டி, எண்ணோடு பூட்டி, மனம் ஓடாமல் பிடிப்பதற்கான கயிறாக அதைப் பயன்படுத்துகிறது, அவ்வளவே.

சரி, பயிற்சி செய்தவர்களுக்கு நிஜத்தில் என்ன ஆனது? அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் ஃப்ளெமிங், மேத்யூ ஹெரிங் இருவரும் 2018-இல் அதுவரை வந்த கட்டுப்பாட்டு ஆய்வுகளில் தேறியவற்றை, மொத்தம் எட்டு, ஒன்றாகச் சேர்த்து எடைபோட்டார்கள். மனச்சோர்வு குறைந்தது, பதற்றம் குறைந்தது, களைப்பு குறைந்தது, சுறுசுறுப்பு கூடியது. மனச்சோர்வில் விளைவின் அளவு 1.27. இந்தத் துறையில் 0.2 என்றால் சிறிது, 0.5 நடுத்தரம், 0.8 பெரிது என்பது வழக்கு. அப்படியானால் 1.27 பிரமாண்டம்.

எனக்கு இந்த எண்ணைப் பார்த்ததும் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. அதே 2018-இல் மனச்சோர்வு மாத்திரைகளைப் பற்றிய 522 ஆய்வுகளை, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகளை, சேர்த்து எடைபோட்ட பெரும் கணக்கு ஒன்று வந்தது. அதில் வந்த விளைவு 0.30. பாயில் படுத்துக் கையைத் தட்டுவது மாத்திரையைவிட நான்கு மடங்கு வேலை செய்கிறதா என்ன? இல்லை, இரண்டும் வேறு வேறு தராசு. மாத்திரையைப் போலி மாத்திரையோடு ஒப்பிடுகிறார்கள். எதை விழுங்கினோம் என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. போலிப் பிலாட்டீஸ் என்று ஒன்று கிடையாது. பயிற்சி செய்தவர்களை ஒன்றும் செய்யாதவர்களோடு ஒப்பிட்டால், வாரம் மூன்று நாள் வீட்டைவிட்டு வெளியே வந்தது, நாலு பேரைப் பார்த்தது, ஓர் ஆசிரியர் பெயர் சொல்லி அழைத்து விசாரித்தது, குணமாகும் என்று நம்பியது எல்லாமே பிலாட்டீஸின் கணக்கில் ஏறிவிடும். ஆய்வுகளும் சிறியவை, முடிவுகளோ ஒன்றுக்கொன்று வெகுவாக மாறுபட்டவை.

2024-இல் ‘பிஎம்ஜே’ இதழில் வந்த பெரிய ஒப்பீடு, 218 ஆய்வுகளும் 14,170 பேரும் கொண்டது, மனச்சோர்வுக்கு நல்ல பலன் தருபவை என்று முன்வரிசையில் நிறுத்தியது நடையையும் மெல்லோட்டத்தையும் யோகாவையும் பளு தூக்குவதையும். முதுகுவலியிலும் இதே கதைதான். பத்து ஆய்வுகளைப் பார்த்த 2015 காக்ரேன் மதிப்பீடு, ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடப் பிலாட்டீஸ் நல்லது, ஆனால் மற்றப் பயிற்சிகளைவிட மேல் என்று சொல்ல ஆதாரம் போதாது என்றது. ஆகவே, ஏற்கெனவே வேகநடையோ யோகாவோ பிடித்துப்போய்ச் செய்துகொண்டிருப்பவர் அதை விட்டுவிட்டு இதற்கு வர வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

பிறகு ஏன் இதற்கு ஒரு தனி அத்தியாயம்? கால்டுவெல்லின் மாணவர்களுக்காக. வட கரோலினாவின் அப்பலாச்சியன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரன் கால்டுவெல்லும் சக ஆய்வாளர்களும் 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 166 கல்லூரி மாணவர்கள். சிலர் ஒரு பருவம் பிலாட்டீஸ் வகுப்புக்குப் போனார்கள், சிலர் தாய்ச்சி போன்ற வேறு அசைவுப் பயிற்சிகளுக்கு. ஒப்பிட, பொழுதுபோக்கு வகுப்பு மாணவர்கள். பயிற்சி வகுப்புக்காரர்களிடம் இந்த நொடியில் நடப்பதைக் கவனிக்கும் தன்மை கூடியிருந்தது. ஒப்பீட்டுக் குழுவில் கூடவில்லை. அது கூடக் கூட மனநிலை தெளிந்தது, மன அழுத்தம் குறைந்தது, அதன் வழியாகத் தூக்கம் சீரானது. மாணவர்கள் தாங்களாகவே வகுப்பைத் தேர்ந்தெடுத்தவர்கள் என்பதால் இந்த ஆய்விலும் ஓட்டை உண்டு. ஆனால் பயன் எந்த வழியாக வருகிறது என்று இது காட்டும் திசை எனக்கு முக்கியம். தசை வலுப்பட்டதாலா மனம் தெளிந்தது? கவனம் பழகியதால் என்கிறது இந்த ஆய்வு. ஃபிஷர் தன் கைதிகளிடம் தொலைந்துபோனதாகப் பார்த்த மூன்று: கவனம், தூக்கம், பொறுமை. அதே மூன்றின் பக்கத்தில்தான் இந்த மாணவர்களின் கணக்கும் வந்து நிற்கிறது.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் சொன்னது இதோடு சேரும். ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை புகழ்ச்சியாலோ அறிவுரையாலோ அவ்வளவாக வளர்வதில்லை. கையால் செய்து முடித்த காரியத்தால் வளர்கிறது. மனச்சோர்வில் கிடப்பவருக்குப் பெரிய காரியம் எதுவும் ஆகாது. குளிப்பதே மலையாக நிற்கும். அவருக்குத் தேவை மிகச் சின்ன வெற்றிகள், அவை வெற்றி என்று கண்ணால் பார்க்க முடிய வேண்டும். போன வாரம் நான்கு மூச்சு, இந்த வாரம் ஆறு.

எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று நினைக்க வேண்டாம். திடீர்ப் பீதித் தாக்குதல் வருகிறவர்கள் உடம்பின் சின்னச் சலனத்தையும் கூர்ந்து கவனித்து, இதயம் வேகமாக அடித்தால் இதோ மாரடைப்பு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அவர்களிடம் போய் ‘உள்ளே கவனியுங்கள்’ என்றால் எரிகிற தீயில் எண்ணெய். அமைதிப் பயிற்சியே சிலருக்குப் பதற்றத்தைக் கிளப்பிவிடும் என்பது மருத்துவர்களுக்குப் பல காலமாகத் தெரிந்ததுதான். அதே ஆள் ஒரு நல்ல வழிகாட்டியோடு, தெரிந்தே இதயத்தை வேகமாக அடிக்கவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று பத்துத் தடவை பார்த்துவிட்டால் அதுவே மருந்தாகவும் ஆகலாம். கடுமையான மனச்சோர்வில், சாவைப் பற்றிய எண்ணத்தோடு இருப்பவரைப் பாயில் படுக்கச் சொல்லக் கூடாது, மனநல மருத்துவரிடம்தான் அழைத்துப் போக வேண்டும். பாய் பிறகு வரட்டும். கண்ணாடி பதித்த கூடமும் அதில் தெரியும் ஒல்லி உடம்புகளும் தன் உருவத்தை வெறுக்கும் ஒருவருக்கு நல்லது செய்யாது. விலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிறைக் கொட்டகையில் தரையில் படுத்துச் செய்த ஒன்று இன்று குளிர்சாதனக் கூடத்தில் மணிக்கணக்கில் விற்கப்படுவதை அதைக் கண்டுபிடித்தவர் பார்த்தால் என்ன சொல்வாரோ. அவரும் நியூயார்க்கில் காசு வாங்கியவர்தான், ஒன்றும் சொல்லமாட்டார்.

அந்தக் கூடங்களில் நிற்கும் கருவிக்கு ‘ரிஃபார்மர்’ என்று பெயர். கட்டில் மாதிரி ஒரு நீளச் சட்டம். அதன்மேல் தண்டவாளத்தில் உருளும் ஒரு மெத்தைப் பலகை; பலகையை ஒரு முனையோடு பிணைக்கும் நான்கைந்து ஸ்பிரிங்குகள். ஆஸ்பத்திரிக் கட்டில் கதை உண்மையோ இல்லையோ, கருவியைப் பார்த்தால் அந்தக் கட்டில்தான் நினைவுக்கு வரும். பலகையில் மல்லாந்து படுத்து, கால்மாட்டில் உள்ள கம்பியில் பாதத்தை வைத்துத் தள்ளினால் பலகை தலைப்பக்கம் ஓடும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தள்ளுவதில்தான் வீரம் காட்டுவார்கள். தள்ளுவது எளிது. நீட்டிய ஸ்பிரிங் பலகையைப் பிடுங்கி இழுக்கும். அந்த இழுப்புக்கு விட்டுக்கொடுத்தால் பலகை சரேலென்று திரும்பி வந்து ‘டக்’ என்று முட்டுக்கட்டையில் இடிக்கும். ஆசிரியர் எதுவும் சொல்லத் தேவையில்லை, கூடத்தில் எல்லோருக்கும் கேட்டுவிடும். ஸ்பிரிங்கின் அவசரத்துக்குப் போகாமல், வயிற்றைப் பிடித்து, மூச்சை விட்டுக்கொண்டே முழங்காலை மெதுவாக மடக்கினால் பலகை அங்குலம் அங்குலமாக வரும். நடுவழியில் தொடை நடுங்கும், விட்டுவிடலாமா என்று தோன்றும். கடைசி அங்குலத்தில்தான் பலருக்கும் இடிக்கிறது. சில வாரம் ஆகும். ஒருநாள் பலகை வந்து சேர்ந்தது தெரியாமலே, சத்தம் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பார்கள்.